குருத்தோலை ஞாயிறன்று திறந்த ஜன்னல்கள்

எட்வின் அண்ணனுக்குக் கொரோனா என்று போன் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தேன். மறுபடியும் கொட்டினேன். அன்றைக்கு அந்த அரிசி அடுப்பில் ஏறவே இல்லை.

அது புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு, எங்கள் சபையில் என் கணவருக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து டோலக் வாசித்தவர் எட்வின் அண்ணன். வாசலில் அவர் நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டரை நீட்டி, "நார்மல்தான், உள்ள போங்கண்ணா" என்று அனுப்பியவள் நான்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அந்த நோய் அவரைத் தொட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்கு விளக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாக்கிரதையா இருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அதிலேயே எல்லாம் இருந்தது.

விசுவாசக் குடும்பத்தாரே, நான் ஜெயசீலி. பிறந்தது கோலார் தங்கவயலில், வாழ்க்கைப்பட்டு வந்தது பெங்களூர் அடுகோடிக்கு. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. வாயாடி என்று சபையில் எனக்குப் பெயர். ஆகையால் என்னைப் பேசச் சொல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் பாஸ்டர். பேசவிட்டால் ஆராதனை முடியாது என்ற பயம்தான்.

முதல் அலை அடங்கி, சபையைத் திறக்கலாம் என்று அரசாங்கம் சொன்னதும் எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. என் கணவர் செல்வராஜ் எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவர். டயாலிசிஸ் படுக்கை, வீடு, சபை. அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்த மூன்றுதான். அதில் ஒன்றையும் நான் பிடுங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்காரவைத்திருந்தேன்.

"போன்ல பார்த்தா ஆராதனை இல்லையா?" என்று கேட்டேன்.

"போன்ல சோறு பார்த்தா பசி தீருமா ஜெயா?" என்றார். நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அவர் அதற்கும் சிரித்தார்.

சரி, போகட்டும், ஆனால் வாசலில் நான் நிற்பேன் என்று பாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடுவேன். சானிடைசர், தெர்மாமீட்டர், கூடுதல் மாஸ்க் எல்லாம் ஒரு ஸ்டூலில். இருமினவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாஸ்டரம்மாவையே ஒரு ஞாயிறு, மூக்கு ஒழுகுகிறது என்று, மாடிப்படியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நானாயிருந்தால் கோபித்திருப்பேன்.

ஆராதனையில் ஒரு வார்த்தை என் காதில் ஏறாது. யாராவது தொண்டையைச் செருமினால் என் தலை திரும்பும். பாடும்போது யார் மாஸ்க்கை இறக்குகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். எல்லாரும்தான் இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் முதலில். அவரும் எட்வின் அண்ணனும் தங்கவயலில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தலையை ஒட்டிக்கொண்டு பாடிப் பழகியவர்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து நடுவில் ஒரு காலி நாற்காலி போட்டேன். மூன்றாவது பாட்டுக்குள் இருவரும் அந்தக் காலி நாற்காலிமேல் சாய்ந்திருப்பார்கள்.

என் ஜெபமெல்லாம் அப்போது ஒன்றுதான். ஆண்டவரே, வாசலைப் பார்த்துக்கொள்ளும். வியாதியோடு யாரும் உள்ளே வராதபடி வாசலைக் காத்துக்கொள்ளும். பஸ்ஸில் போகும்போதும் அதுதான், கடையில் துணி மடிக்கும்போதும் அதுதான். ஆண்டவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஆராதனைக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பட்டறைக்கு மேலே மாடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல பெரிய ஜன்னல்கள். ஆனால் ஒன்றும் திறக்காது. கொரோனாவுக்கு முன்பே அடைத்துவிட்டோம். பக்கத்துக் கட்டடத்தில் மஞ்சுநாத் என்று ஒரு பெரியவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாள் படியேறி வந்து, சத்தம் அதிகமாக இருக்கிறது என்று அன்றைக்கு வாசலில் இருந்த யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், சபையே நடுங்கிப்போயிற்று. மாடியில் ஜெபக்கூடம் நடத்துகிறவர்களுக்கு அந்த நடுக்கம் தெரியும். போலீஸ், கம்ப்ளெயின்ட் என்று எது வேண்டுமானாலும் வரலாம். அடுத்த வாரமே எல்லா ஜன்னலையும் மூடி, கண்ணாடிமேல் தெர்மாகோல் வைத்து டேப் ஒட்டி, அதன்மேல் கனமான திரையும் போட்டோம். அண்டை அயலாருக்கு இடறலாக இருக்கக் கூடாது என்று பாஸ்டர் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றோம்.

பெருந்தொற்று வந்து வாசலில் இத்தனை காவல் வைத்தபோதும் அந்த ஜன்னல்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவை எங்கள் கண்ணுக்குச் சுவராகவே ஆகிவிட்டன.

குருத்தோலை ஞாயிறு வந்தது. இரண்டாம் அலை வருகிறது என்று டிவியில் பேச ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு விடிந்ததிலிருந்து ஒரு படபடப்பு. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "இன்னைக்கு வேணாங்க" என்றேன். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "இன்னைக்குத்தான் போணும்" என்றார்.

ஓலை பிடித்துக்கொண்டு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டேன். வழக்கத்தைவிடக் கூட்டம். தள்ளிப்போட்ட நாற்காலிகள் நெருங்கிக்கொண்டே வந்தன. எட்வின் அண்ணன் கடைசியாக டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சூடு இல்லை, இருமல் இல்லை. "என்னம்மா, பாஸ் மார்க்கா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார். நான் வாசலில் நின்றபடியே கண்ணை மூடினேன். ஆண்டவரே, எனக்குத் தெரிந்ததை நான் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியாததை நீர் பாரும் என்றேன். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. அதுவரை நான் அப்படி ஜெபித்ததே இல்லை.

முதல் பாட்டு பாதியில் கரெண்ட் போனது.

இன்வெர்ட்டரில் மைக்கும் ஒரு ட்யூப்லைட்டும்தான் ஓடும். மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. வெயில் காலம். அடைத்த கூடம். கொஞ்ச நேரத்தில் கூடம் இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. பாஸ்டர் விடாமல் பிரசங்கம் செய்தார். ஜனங்கள் குருத்தோலையால் விசிறிக்கொண்டார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டும். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பிறகு நேராகப் போய் அவருக்குப் பக்கத்து ஜன்னலின் திரையை இழுத்தேன். தெர்மாகோலை நகத்தால் கீறிப் பிய்த்தேன். டேப் சர்ரென்று கிழிந்தது. பிரசங்கம் நின்றுவிட்டது.

"சிஸ்டர், பக்கத்துல அவரு..." என்றார் பாஸ்டர்.

"வந்தா நான் பேசிக்கறேன் பாஸ்டர். இவருக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

கொக்கி துருப்பிடித்திருந்தது. நாலு தட்டுத் தட்டியதும் திறந்தது. காற்று வந்தது. என்ன காற்று அது, ஓலைகளெல்லாம் சலசலத்தன. எட்வின் அண்ணன் எழுந்து எதிர்ப்பக்க ஜன்னலைப் பிய்த்தார். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லா ஜன்னலும் திறந்துவிட்டது.

எதிரே பால்கனியில் மஞ்சுநாத் நின்றுகொண்டிருந்தார். பேசிக்கறேன் என்று சொன்னவள் ஆயிற்றே. கையைக் கூப்பி, "கரெண்ட் இல்ல சார், ஆளுங்களுக்கு முடியல, அதான் திறந்தோம். ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க" என்றேன்.

அவர் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவர். "யாக்கம்மா, ஏன் மூடினீங்க? இந்தக் காலத்துல யாராவது ஜன்னல் மூடிட்டு ஜனாவ உள்ள உக்கார வெப்பாங்களா? என் மக நர்ஸு, தினா தினா அதையேதான் சொல்றா" என்றார்.

"நீங்கதான சார் சத்தம்னு சொன்னீங்க."

"நானா? நான் ஜன்னல் பத்திப் பேசவே இல்லையே. அந்த ஒந்து ஸ்பீக்கர், என் பெட்ரூமைப் பார்த்துட்டு இருந்துச்சே, அதை ஆ கடே திருப்புங்கன்னு சொன்னேன். அஷ்டே."

அந்தப் பக்கம் திருப்பச் சொன்னது ஒரு ஸ்பீக்கரை, அவ்வளவே. வாசலில் கேட்டவர் பயத்தில் பாதியைக் கேட்டு, மீதியை நாங்கள் பயத்தில் கூட்டிக்கொண்டு, கூடத்தையே அடைத்து வைத்திருந்தோம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா என்று அந்த நிமிஷமே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாஸ்டர் ஸ்பீக்கரைத் திருப்பிவைத்தார். கடைசி வரை காற்று ஓடிக்கொண்டே இருந்தது. என் கணவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, எட்வின் அண்ணன் பக்கம் சாய்ந்து, தொண்டை கிழியப் பாடினார்.

புதன்கிழமை அந்தப் போன் வந்தது.

அன்று மாலை டயாலிசிஸ் மையத்துக்கு விஷயத்தைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை, அங்கே மற்றவர்களும் படுக்கிறார்கள். நெகட்டிவ் ரிப்போர்ட் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். பாசிட்டிவ் வந்தால் வேறு இடம்தான் தேட வேண்டும். அந்த நாட்களில் வேறு இடம் எங்கே இருந்தது? சோதனைக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரும் வரை டயாலிசிஸ் இல்லை. அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நான் சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். மெயின் ரோட்டில் ஓடுகிற ஆம்புலன்ஸ் சத்தம் ஒவ்வொன்றும் எங்கள் தெருவுக்குள் திரும்புகிற மாதிரியே இருந்தது.

முழங்காலில் நின்றேன். அங்கேயும் சண்டைதான் போட்டேன். வாசலைக் காத்துக்கொள்ளும் என்று எத்தனை தடவை கேட்டேன், என் கையாலேயே உள்ளே அனுப்ப வைத்தீரே, நான் எதற்கு அங்கே நின்றேன் என்று கேட்டேன். அழுது அழுது குரல் போயிற்று. அப்போது என் கணவர் படுக்கையிலிருந்து, "ஜெயா, அன்னைக்கு நல்ல காத்து இல்ல?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியாததை நீர் பாரும் என்று கேட்ட அன்றுதான் கரெண்ட் போனது. அன்றுதான் ஜன்னல் திறந்தது. அதற்கு முந்தின எல்லா ஞாயிறும் அந்தக் கூடம் அடைத்தே இருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ரொம்ப காலத்துக்குப் பிறகு முதல்முறையாக உட்கார்ந்தேன்.

பெரிய வெள்ளியன்று ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ். மறுநாள் டயாலிசிஸ் மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து மறுபடி சோதித்தார்கள், அதுவும் நெகட்டிவ். எட்வின் அண்ணனும் அவர் வீட்டாரும் படுத்தார்கள், அவருக்கு ஆக்சிஜன் வரை போயிற்று, கர்த்தர் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குக் கூடத்தில் இருந்த வேறு ஒருவருக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சபை மறுபடி மூடியது. வேறு சபைகளில் என்னைவிட அதிகம் ஜெபித்தவர்கள் துணையை இழந்தார்கள். எங்களுக்கு ஏன், அவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் முன்னால் இந்தச் சாட்சியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பெற்றுக்கொண்டவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் நியாயமில்லை.

காற்றோட்டத்தால் தப்பித்தீர்கள் என்று மஞ்சுநாத் சாரின் மகள் சொன்னாள். ஆமாம், காற்றால்தான். அந்தக் காற்றை உள்ளே விட எனக்கு அறிவு இருந்திருந்தால் நான் இதை எழுதவே தேவையில்லை. நான் காட்டின இடத்தைக் காக்கச் சொல்லி நச்சரித்தேன், நான் பார்க்காத இடத்தில் ஆண்டவர் வேலை செய்தார்.

என் கணவருக்குச் சிறுநீரகம் குணமாகவில்லை. இன்றும் டயாலிசிஸ்தான், இன்றும் பாட்டுதான். சபை மறுபடி திறந்தபோது மஞ்சுநாத் சார் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உங்க யஜமானரு எரடாவது பாட்டுல ஸ்ருதி விட்டுட்டாரு" என்றார். வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் இரண்டாவது பாட்டை இரண்டு தடவை பாடினார்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்டால், சுபாவம் அப்படியேதான் இருக்கிறது. யாராவது தும்மினால் தலை இன்னும் திரும்புகிறது. காய்ச்சல் காலத்தில் தெர்மாமீட்டரோடு வாசலில் நிற்கிறேன், நம் பங்கைச் செய்யாமல் கடவுள்மேல் பாரத்தைப் போடுவது விசுவாசம் இல்லை. ஆனால் முதலில் எல்லா ஜன்னலையும் திறக்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததும் உள்ளே போகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ இப்போது ஒரு வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். ஆஸ்பத்திரி வாசலோ, கோர்ட்டு வாசலோ, பிள்ளை திரும்பி வர வேண்டிய வீட்டு வாசலோ தெரியாது. கால் வலிக்க நிற்கிறீர்கள். உங்களால் முடிந்ததைப் பாருங்கள், முடியாததை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, நான் போட்டிருக்கிறேன். பிறகு ஒரு ஞாயிறு எங்கள் கூடத்துக்கு வாருங்கள். என் கணவருக்கும் எட்வின் அண்ணனுக்கும் நடுவே, ஜன்னல் ஓரமாக, காலியாக இருந்த அந்த நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் தருகிறேன்.