எட்டாம் இடம் யாருடையது

ஹில்க்காவுக்குக் கோபம் வந்தால் ஹார்யுலா ஊரில் மூன்று தெரு தள்ளி இருப்பவனுக்கும் தெரியும். பனி அரங்கத்தில் காபிக் கடை நடத்துகிறவள், ஒரு நடுவரின் முதுகில் கடுகு சாஸ் பாட்டிலை வீசிவிட்டு, ஒரு மாதம் தன் கடைக்குள்ளேயே நுழையக் கூடாதென்று தண்டனை வாங்கினாள். பின்லாந்து முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். அன்றைக்கு அந்த நடுவர் செய்ததும் அநியாயம்தான், அதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு வந்த கோபம் பாட்டில் வீசித் தீர்கிற கோபமில்லை. உள்ளேயே கிடந்து புகைந்தது. எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. முன்னேற்றம்!

ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான தெர்வா போன சீசனில் கடைசி இடம். இந்த சீசனில், பிப்ரவரி பிறந்தபோது, எட்டாம் இடம். பத்திரிகையில் முன்னேற்றம், ரேடியோவில் முன்னேற்றம், ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன் வாயிலும் முன்னேற்றம். பயிற்சியாளர் வெய்யோவுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை நீட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். இதைக் கேட்டுக் கேட்டு ஹில்க்காவுக்கு வயிறு எரிந்தது. தெர்வாவின் கோல்கீப்பர் ஒத்ஸோ அவள் பெற்ற பிள்ளை.

தாய்ஸ்தோ என்று ஒருவர். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேட்ச் தொடங்க வெகு நேரம் முன்பே வந்து, காபியும் ஏலக்காய் பன்னும் வாங்கிக்கொண்டு, அவள் கடைப்பலகையில் முழங்கையை ஊன்றிவிடுவார்.

"போன வருஷம் கடைசி, இந்த வருஷம் எட்டு. இதுக்கு மேல என்னம்மா வேணும் உனக்கு?"

"எட்டாவது இடத்துக்கு வந்தது யாரு? அணியா, என் மவன் ஒருத்தனா?"

"ஆரம்பிச்சிட்டியா!"

"போன வருஷத்த விட ஒரு கோல் கூட அதிகமா அடிக்கல உன் முன்னேற்றக்காரனுங்க. நம்ம கோல் மேல விழுற அடி மட்டும் கூடிப்போச்சு. போன வருஷம் கோல்ல நின்ன கிழவன் விட்டான், தோத்தோம். இவன் விடல, ஜெயிச்சோம். நடுவுல மத்தவனுங்க என்னத்தக் கிழிச்சாங்க?"

"கோல்கீப்பரும் அணியில ஒருத்தன்தானேம்மா?"

"ஓட்டைக் கூரைக்குக் கீழ ஒருத்தன் குடை பிடிச்சிக்கிட்டு நின்னா, கூரை சரியாயிடுச்சின்னு சொல்லுவியா? பன்ன தின்னுட்டுப் போ!"

தாய்ஸ்தோ சிரிப்பார். பெற்றவள் அப்படித்தான் பேசுவாள் என்று நினைப்பார். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

கடை, பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். முதல் பகுதியில் இடது பக்கம் மகனுடைய கோல். மட்டை அறையும் சத்தமும், ரப்பர் வட்டு பலகையில் மோதும் சத்தமும் இருபது நிமிஷம் அந்தப் பக்கமே கேட்டுக்கொண்டிருக்கும். வலது பக்கம் எப்போதாவது ஒன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் காபி ஊற்றுவதை நிறுத்தித் தலையைத் திருப்புவாள். திருப்பி என்ன பிரயோசனம்? வெளியே போய்ப் பார்க்க முடியுமா, இடைவேளைக்குள் நாற்பது பேருக்குச் சாசேஜ் வாட்டி வைக்க வேண்டியிருக்கும்போது?

லாரி ஓட்டிய புருஷன் ஸ்வீடனுக்குச் சுமை ஏற்றிக்கொண்டு போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். ஹில்க்கா அழவில்லை. அவனுடைய மீன்பிடிப் படகை விற்று, பையனுக்குக் கோல்கீப்பர் கால்கவசம் வாங்கினாள். அன்றிலிருந்து அவள் வாழ்க்கை முழுக்க இந்த அரங்கத்துக்குள்தான். மகன் அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே தனியாக இருக்கிறான். மேட்ச் நாளில் மட்டும் கீழே இறங்கி வந்து அவள் கையால் மக்கரோனி சாப்பிட்டுவிட்டுப் போவான்.

ஒரு வார்த்தை பேசாமல்.

அதுதான் அந்த ஊர்ப் பழக்கம். மேட்ச் நாளில் கோல்கீப்பரிடம் யாரும் பேசக் கூடாது. ரொட்டிக் கடைப் பெண் வாயை மூடிக்கொண்டு ரொட்டியை நீட்டுவாள். பஸ் ஓட்டுகிறவன் தலையை மட்டும் ஆட்டுவான். ஒத்ஸோ பதினான்கு வயதில் ஆடியபோது, "தண்ணி பாட்டில மறந்துட்டியேடா" என்று ஹில்க்கா படியில் நின்று கத்தினாள். அன்று ஆறு கோல் விட்டான். அதற்குப் பிறகு மேட்ச் நாளில் அவள் வாயைத் திறந்ததில்லை. பயிற்சியாளரே காலையில் உடம்பு எப்படி என்று வாயால் கேட்க மாட்டார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார், ஒத்ஸோவும் தூக்குவான், அத்தோடு சரி.

இவ்வளவு கட்டுப்பாடு வைத்தவர்கள் காலண்டரைப் பார்த்தார்களா? செவ்வாய் மேட்ச். வெள்ளி மேட்ச். சனி மேட்ச். நடுவில் பஸ்ஸில் ஊர் ஊராகப் பயணம். மிச்ச நாளில் அவன் செத்த பிணம் போலத் தூங்கினான். அப்புறம் அவனிடம் யார், எப்போது பேசுவது?

ஜனவரியிலிருந்தே ஹில்க்காவுக்குச் சந்தேகம். மகன் படியில் பக்கவாட்டாக இறங்கினான். நாற்காலியில் உட்காரும்போது முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டான். கேட்கலாம் என்று நாக்கு நுனிவரை வரும். மேட்ச் நாளாயிற்றே! முழுங்கிவிடுவாள். மற்ற நாளில் போன் பண்ணினால், வாயெடுக்கும் முன்பே "தூங்குறேம்மா" என்று வைத்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு முன்னாலிருந்த நடைவழியில் தெர்வா பையன்கள் வழக்கம்போல வட்டமாக நின்று கால்பந்தைத் தட்டி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்ஸோ சேரவில்லை. சுவரோரம் நின்று மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். டேப் உருளை கை தவறி விழுந்தது. குனியப் பார்த்தான். பாதியில் நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காலாலேயே அதைத் தள்ளிச் சுவரோரம் ஒதுக்கினான்.

ஹில்க்கா பார்த்துவிட்டாள். கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஒத்ஸோ! இடுப்பு வலிக்குதா?"

பந்து நின்றது. ஒருவன் வாயில் கை வைத்தான். வெய்யோ ஓடி வந்தார்.

"ஹில்க்கா! உனக்குப் பைத்தியமா? இன்னிக்கு மேட்ச்!"

"நீ சும்மா இரு. டேய், உன்னத்தான் கேக்குறேன்."

ஒத்ஸோ பழக்க தோஷத்தில் கட்டை விரலைத் தூக்கினான். அவள் அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

"நான் விரலக் கேக்கல. வாயால சொல்லு."

அவன் முகம் கோணியது. அவ்வளவு பெரிய உடம்பு, ஐந்து வயதுப் பிள்ளை போல உதட்டைக் கடித்தது.

"அக்டோபர்லேருந்தும்மா. முட்டி போட்டு எழுந்திரிக்கும்போதெல்லாம் உயிர் போவுது."

"ஏண்டா சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

"காலையில கட்டை விரல தூக்கினானே!" என்றார் வெய்யோ.

"தூக்காம என்ன பண்ணுவான்? அவன் விரல இறக்கினா ஊருக்கே தரித்திரம் பிடிக்கும்னு சின்ன வயசுலேருந்து சொல்லி வளத்திருக்கோமே! உன் எட்டாவது இடம் என் புள்ள இடுப்பு மேல உக்காந்திருக்குய்யா. அதுல ஏறி நின்னுக்கிட்டுதான் இன்னும் ரெண்டு வருஷம் வேல கேக்குற!"

வெய்யோ ஒருவனை உள்ளே விரட்டினார். அணி டாக்டர் வந்து, ஒத்ஸோவை நடைவழிப் பெஞ்சில் படுக்க வைத்து, காலைத் திருப்பிப் பார்த்தார். அவன் போட்ட சத்தத்தில் பந்தைத் தட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டர் எழுந்து, இவன் இனி இந்த சீசனில் பனியில் கால் வைக்கக் கூடாது என்றார். வெளிறிப்போன மாற்று கோல்கீப்பர் யிமி, கவசத்தை மாட்ட ஓடினான்.

ஆட்டம் தொடங்கியது. இடது பக்கம் மட்டையின் அதே அறை, வட்டின் அதே மோதல், கொஞ்சமும் மாறவில்லை. இத்தனை நாள் ஒத்ஸோ அதைத் தடுத்ததும் ஜனங்கள் "ஹோ" என்று கத்துவார்கள். இன்றைக்குக் கத்தவில்லை. அரங்கமே அமைதியாகிவிடும், ஒரு மூலையில் வெளியூர் ரசிகர்கள் மட்டும் கூச்சல் போடுவார்கள். மறுபடி அறை, மறுபடி அமைதி.

முதல் இடைவேளையில் ஹில்க்காவைப் பார்த்து ஒருவன் முறைத்தான். "வாயத் திறந்த இல்ல? அனுபவி" என்றான் இன்னொருவன்.

"உன் காபிக்கு உப்பப் போட்டுருவேன். போடா!"

இரண்டாம் இடைவேளைக்குள் ஆறு கோல் விழுந்துவிட்டது. யாரும் சாசேஜ் கேட்கவில்லை. தாய்ஸ்தோ தளர்ந்து இறங்கி வந்தார். கடைக்குள்ளே ஒத்ஸோ ஸ்டூலில் இடுப்போடு ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மேட்ச் நாளில் ஒருநாளும் தொடாத சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தான். கடையைச் சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பழக்கப்படி ஊமையாகவே நின்றார்கள்.

ஹில்க்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன எழவு பழக்கம்டா இது! அவன் கல்லா, மரமா? பேசுங்களேன் அவன்கிட்ட!"

கடைசியில் தாய்ஸ்தோ தொண்டையைச் செருமினார். மேட்ச் நாளில் ஒத்ஸோவோடு பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. பெரியவருக்கு வார்த்தை தடுமாறியது.

"தம்பி, நீதான் உள்ள நின்னு பாத்தவன். நீயே சொல்லு. போன வருஷத்த விட நம்ம ஆளுங்க தேவலையா?"

ஒத்ஸோ மென்று விழுங்கினான்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? என் கண்ணு முன்னாடி நம்ம ஆளு ஒருத்தனும் நின்னதே இல்லையே."

மூன்றாம் பகுதிக்கு மணி அடித்தது. தாய்ஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கடைப்பலகையில் வைத்தார்.

"ரொம்ப வலிக்குதாப்பா?" என்று கேட்டார். மேலே தன் இடத்துக்குப் போகவில்லை.