மாமிக்குத் தனி மேசை

அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் மாமி. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை. வலியசாலை அக்ரகாரத்திலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததுமே, ஓய்வு பெறப்போகிற பியூன் உட்பட எல்லோருமாகச் சேர்ந்து என்னை மாமியாக்கிவிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன். சிரித்தார்கள். விட்டுவிட்டேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இன்ஷூரன்ஸ் அலுவலகம். விபத்து, ஆஸ்பத்திரி என்று வரும் கிளெய்ம்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. முதலில் நான் எழுதியதை இன்னொருவர் திரும்பப் படிப்பார். பிறகு அது நின்றது. பிறகு மற்றவர்கள் எழுதியதெல்லாம் என் மேசைக்கு வரத் தொடங்கியது. "மாமி நோக்கியோ?" என்று மேனேஜரே மலையாளத்தில் கேட்பார். பார்த்துவிட்டேன் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. மதிப்பு என்பது இதுதான் என்றால், எனக்கு அது வேண்டிய மட்டும் கிடைத்தது.

கிடைக்காதது மத்தியானச் சாப்பாட்டில் ஓர் இடம். சேர்ந்த அன்றே எங்கள் பிரிவின் மூத்தவர், நல்ல மனுஷர், ஜன்னலோரத்தில் ஒரு மேசையைத் தன் கையால் துடைத்துக் கொடுத்தார்.

"மாமி இவிடெ இருந்நோ. அவிடெ ஒக்கெ மீனா, மாமிக்கு புத்திமுட்டாவும்."

மீன் வாசனையில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. இந்த ஊரில் பிறந்து, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களோடு பஸ்ஸில் இடிபட்டு வளர்ந்தவளுக்கு அது என்ன புதிதா? ஆனால் அன்று நான் புதுசு. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். உள்ளறையில் அவர்கள் பாத்திரங்களை நடுவில் வைத்து, ஒருவர் கறியை ஒருவர் எடுத்து, ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் தயிர் சாதத்தோடு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கே போய் உட்கார வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. வருஷக்கணக்காக யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலையில் அப்பா இறந்துபோனார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அழுகை வரவில்லை, வேறு எதுவும்கூட வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அத்தை வந்து குனிந்து சொன்னாள்: "உன் ஆபீஸ்காராள்லாம் தெருவுல வெய்யில்ல நிக்கறா. உள்ள வாங்கோன்னா வரமாட்டேங்கறா."

வாசலுக்குப் போனேன். பிரிவே வந்திருந்தது. மூத்தவர் கை கூப்பினார்.

"ஊணு கழிஞ்ஞா விவரம் அறிஞ்ஞது, மாமி. மீன் கூட்டிட்டா வந்நது. ஞங்கள் இவிடெ நின்னோளாம்."

மீன் சாப்பிட்டுவிட்டு வந்ததால் உள்ளே வரமாட்டார்களாம். "அதொந்நும் சாரமில்ல, வரூ" என்று கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட எனக்குத் தெம்பில்லை. அப்பாவை எடுக்கும்வரை வெயிலிலேயே நின்றார்கள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் பேச ஆளில்லை என்பதாலோ என்னவோ, அன்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே உள்ளறைக்குப் போய்விட்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் மீன்கறியை மூடினார், ஒருவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "கழிச்சோளூ, எனிக்கு குழப்பமில்ல" என்று, அவர்களைச் சாப்பிடச் சொல்லி எத்தனையோ கேட்டுப் பார்த்தேன். தலையாட்டினார்கள். மீன் மூடியே இருந்தது.

மறுநாள் யாருமே மீன் கொண்டுவரவில்லை. பயறு, முட்டைக்கோஸ், மோர். அதற்கடுத்த நாளும் அப்படியே. அப்பாவின் நோயைப் பற்றி மெதுவான குரலில் விசாரித்தார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. மீனில்லாமல் ஒருவாய் இறங்காதவர்கள், எனக்காகப் பயறைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. சோறு தொண்டையில் இறங்கியது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் போகவில்லை. ஜன்னலோர மேசையில் டப்பாவைத் திறந்தேன். சற்று நேரத்தில் மூத்தவர் வந்து நின்றார்.

"மாமி வருந்நில்லே?"

"ஜோலி உண்டு" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்; பாத்திரம் திறக்கும் சத்தமும், கூடவே யாரோ யாரையோ கேலி செய்யும் குரலும் கேட்டன. உடனே அவர் திரும்பி வந்து, எனக்கு வாசனை வரக்கூடாது என்று, அந்த அறையின் கதவை மெல்லச் சாத்தினார்.