இடப்பக்கத்தில் நின்றவர்கள்

முதலில் அலமாரிக் கதவைத்தான் குறை சொன்னேன்.

காரைக்குடியில் சின்ன வீட்டுக்குக் குடிவந்த இரண்டாம் வாரம். சமையலறை அலமாரியை நானே திறந்து வைத்துவிட்டு, நானே திரும்பி, அதன் விளிம்பில் இடது புருவத்தை மோதிக்கொண்டேன். மறுநாள் கட்டில் சட்டம். அதற்கு மறுநாள் குளியலறை நிலை. ஒரு மாதத்தில் தோளிலிருந்து முழங்கால் வரை இடது பக்கம் முழுவதும் கன்றிப்போயிருந்தது. வலது பக்கத்தில் ஓரிரு கீறல்கள்தான்.

நான் முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள். கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவேன். அப்படிப்பட்ட எனக்கு இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அடிபடுகிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. வீடு கட்டியவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வயதான காலத்தில் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கு மாறியவர்களுக்கும், அவர்களை மாற்றிய பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். மாறிய பிறகு தடுமாறினால், "பழகாத இடம், போகப் போகச் சரியாயிரும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். சரியாகவில்லை.

எங்கள் ஊரான கல்லலில் இருந்த வீடு என் மாமனார் கட்டியது. பதினோரு அறைகள். கணவர் மூன்று வருடங்களுக்கு முன் போன பிறகு, ஏழு அறைகளைப் பூட்டிவிட்டு மீதியில் நான் ஒருத்தி இருந்தேன். என் மகள் ஸ்டெல்லா காரைக்குடியில் ஆசிரியை. வாரம் தவறாமல் வந்து நச்சரிப்பாள்.

"ஒத்தையில விழுந்து கெடந்தா யாரும்மா பாப்பாக? பால்காரரு வந்துதான் எனக்குச் சொல்லணும்."

கடைசியில் அவள் பிடிவாதம் ஜெயித்தது. அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் இரண்டு அறையும் சமையலறையும் பார்த்துக் கொடுத்தாள். ஐந்து பீரோக்களில் ஒன்றும், ஒரு கட்டிலும், இருதய ஆண்டவர் படமும்தான் இங்கே கொள்ளும் அளவு. மற்றவற்றை விற்றோம், கொடுத்தோம். கல்லல் வீட்டைப் பூட்டினோம், விற்பதற்கு ஆள் தேடினோம். எனக்கு உள்ளூர ஆத்திரம். அதை ஸ்டெல்லாவிடம் மறைக்கவும் இல்லை.

மூன்றாம் மாதம் அவர்கள் வந்தார்கள்.

பிற்பகல். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். இடது பக்கம், பீரோவை ஒட்டி, மாங்காய்க் கரைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். கரையில் இருந்த ஒவ்வொரு மாங்காயும் தெளிவாகத் தெரிந்தது. முகமும் தெரிந்தது. எனக்கு அறிமுகமில்லாத முகம். நேராகத் திரும்பிப் பார்த்தேன். பீரோ மட்டும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவளோடு இரண்டு குழந்தைகள், பூப்போட்ட தொப்பியுடன். பிறகு நீளக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். அப்புறம் ஒரு கிழவி. மொத்தம் ஐந்து பேர். ஒருவரும் பேசவில்லை. நடந்தால் காலடிச் சத்தம் இல்லை. பயந்தேனா என்று கேட்டால், ஆம், பயந்தேன். இரண்டு நாள் குளிக்கப் போகக்கூட அந்த அறையைக் கடக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஆகிவிடும். வீட்டுக்காரரிடம் மட்டும் பட்டும் படாமலும், இதற்கு முன் இங்கே யாராவது இறந்தார்களா என்று விசாரித்தேன். "புது வீடு டீச்சர், நீங்கதான் முதக் குடித்தனம்" என்றார். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

அது கார்த்திகைக்கு முந்தைய மழைக்காலம், எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக வேண்டுகிற நவம்பர் மாதம். நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். இவர்கள் உத்தரிக்கிற ஆத்துமாக்கள் (இறந்தும் மோட்சம் சேராமல், உயிரோடு இருப்பவர்களின் செபத்துக்காகக் காத்திருப்பதாக நாங்கள் நம்பும் ஆத்துமாக்கள்). வேண்டிக்கொள்ள யாரும் இல்லாதவர்கள், என் ஜெபமாலைச் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். இந்த முடிவு வந்ததும் பயம் போய்விட்டது. பெருமைகூட வந்தது.

நான்கு மாதம் அவர்களுக்காக வேண்டினேன். வாரத்துக்கு ஒரு முறை கோயிலில் அவர்கள் பேரில் பூசை (திருப்பலி) வைத்தேன். "இருங்க, வந்து ஜெபமாலையில இன்னொரு பத்து மணி சொல்றேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போவேன். கண் மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய நான்கு மாதம் அது. படித்த கிறிஸ்தவச்சியால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

பங்குச் சாமியார் சிறு வயதுக்காரர். ஒரு நாள் பூசை யாருக்காக என்று எழுதும் நோட்டை என் முன் வைத்துக் கேட்டார்.

"டீச்சர், வாராவாரம் அஞ்சு ஆத்துமான்னு எழுதுறீக. பேரு என்ன?"

"பேரு தெரியாது சாமி. வீட்டுக்கு வாராக. நிக்கிறாக. போயிர்றாக."

அவர் சிரிக்கவில்லை. என்ன உடுத்தியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் நிற்கிறார்கள், பேசுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சோடு பேச்சாக, கோயிலில் வேலை பார்க்கும் கோயில் பிள்ளை கொண்டுவந்த டீயை என் இடது கைப் பக்கம் வைத்தார். நான் நோட்டை எடுக்கக் கையை வீசினேன். டீ மொத்தமும் அவர் வெள்ளை அங்கியில்.

"டம்ளரை இங்குட்டு எப்ப வச்சீக சாமி? நான் பாக்கலையே!"

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் வச்சேன் டீச்சர்." அங்கியைத் துடைக்காமல் என்னையே பார்த்தார். "அவுகளுக்கு வேண்டிய பூசைய நான் வைக்கிறேன். நீங்க நாளைக்கே கண் டாக்டர்ட்டப் போங்க."

மதுரையில் ஒரு பெரிய கண் மருத்துவமனை. நீண்ட நடைபாதையில் வரிசையாகப் பெஞ்சுகள், எல்லார் கண்ணிலும் சொட்டு மருந்து. பார்வைப் புலச் சோதனை (ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தபடி, ஓரங்களில் மின்னும் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனை) செய்தார்கள். இடது கண்ணுக்குச் செய்யும்போது நான் பொத்தானைப் பிடித்தபடி காத்திருந்தேன். "எப்பம்மா ஆரம்பிப்பீக?" என்று கேட்டேன். "முடிஞ்சிருச்சும்மா" என்றார் அந்தப் பெண்.

க்ளாக்கோமா (கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு தேய்ந்துபோகும் நோய்). வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். இடது கண்ணில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. வலது கண்ணில் நடுப்பகுதி மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல.

மருத்துவர் என் வயதில் பாதி இருப்பார். அறிக்கையை மூடிவிட்டு, ஸ்டெல்லா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்: "அம்மா, இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியறாங்களா?"

ஐந்து பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன். ஸ்டெல்லா அழத் தொடங்கினாள்.

"உங்க புத்திக்கு ஒண்ணும் இல்லம்மா. கண்ணுலேர்ந்து சேதி வராத இடத்தை மூளை காலியா விடாது. அதுவா எதையாவது போட்டு நிரப்பிக்கும். நிறைய பேருக்கு வருது. வெளிய சொல்ல மாட்டாங்க."

நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது துக்கம். ஐந்து பேரையும் ஒரே நாளில் அடக்கம் செய்ததுபோல் இருந்தது. நான்கு மாதம் முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார். எத்தனை வருடமாக இது இருக்கிறது என்றும் கேட்டேன். "நரம்பு இவ்வளவு தேயறதுக்கு ஏழெட்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

அந்தக் கணக்கை நான் அன்று போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஒன்றுதான் இருந்தது. கல்லலில் எட்டு வருடம் ஒரு இடத்திலும் முட்டாதவள் நான். மதுரையிலிருந்து வேனில் திரும்பும்போது ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன்: "அந்தப் புறாக்கூண்டுக்குக் கொண்டுபோய்த்தான் என்னைக் குருடாக்குன. ஆப்பரேசன் முடிஞ்சதும் நான் கல்லலுக்கே போறேன்." அவள் என் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வலது கண்ணில் ட்ரபெகுலெக்டமி (வெண்விழியில் சின்ன வடிகால் திறந்து நீரை வெளியேற்றும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். போன பார்வை இதில் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஆறு வாரம் குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஸ்டெல்லா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு என் கண்ணில் சொட்டு விட்டாள். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையில்தான் என் பகல்கள் கழிந்தன. உங்களில் யாராவது கண்ணாடி மாற்றுவதற்காக மட்டும் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறவர்களாக இருந்தால், அடுத்த முறை அழுத்தத்தையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் கல்லலுக்குப் போனோம். கூட்டிப் பெருக்கி, நான் திரும்பக் குடியேற என்ன வேண்டும் என்று பார்ப்பதற்காக.

பூட்டைத் திறந்ததும் என் கால்களுக்கு உயிர் வந்தது. முகப்பிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வளைந்து அடுப்படி, அங்கிருந்து கிணற்றடி. ஒரு இடத்திலும் கையை நீட்டித் துழாவவில்லை. ஸ்டெல்லா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எம்புட்டு வெரசா நடக்கீக! இங்கேயே விட்டிருக்கணும்மா. நான்தான் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

"இப்பவாச்சும் தெரியுதா?" என்றேன். அவள் குரல் உடைந்ததைக் கேட்டும் சொன்னேன். இன்னொரு முறை கூடத்தைக் கடந்தேன், அவளுக்குக் காட்டுவதற்காகவே.

"அம்மா," என்றாள். "அங்கன ஏன் ஒதுங்கிப் போறீக?"

"நெல்லுப் பத்தாயம் இடிக்கும்ல."

"பத்தாயத்தத்தான் வித்துட்டோமேம்மா."

திரும்பினேன். இடது பக்கம் பத்தாயம் நின்றது. தேக்குப் பலகை, பித்தளைக் குமிழ், நெல் தூசி படிந்த மூடி. தலையை முழுவதும் திருப்பி, வலது கண்ணின் அந்தச் சின்னக் குழாயை அதன் மேல் நேராக வைத்தேன். வெறும் தரை. பத்தாயம் இருந்த இடத்தில் சிமெண்டு மட்டும் நிறம் வெளுத்திருந்தது. லாரியில் அதை ஏற்றிய அன்று நான்தான் கூட நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முகப்பிலிருந்து கிணற்றடி வரை நடந்தேன். எதிலும் முட்டவில்லை. கண் திறந்து நடந்ததற்கும் மூடி நடந்ததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வீடு என்னைக் காப்பாற்றவில்லை. எட்டு வருடம் என் குருட்டை எனக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தது. இங்கேயே இருந்திருந்தால் வலது கண்ணும் போன பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் புறாக்கூண்டு முட்டி முட்டிச் சொன்னதைத்தான் நான் குற்றம் என்றேன்.

அப்போதுதான் கணக்கைப் போட்டேன். எட்டு வருடம். அவர் போய் மூன்று வருடம். அப்படியானால் அவருடைய கடைசி ஐந்து வருடமும் இதற்குள்தான்.

அவருடைய பிரம்பு நாற்காலி பத்தாயத்தை ஒட்டித்தான் இருக்கும். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கும்போதெல்லாம் என் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். காப்பியைத் திரும்பிப் பார்க்காமலே நீட்டுவேன், அவர் வாங்கிக்கொள்வார். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆன பிறகு யார் புருசன் முகத்தை நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

அவர் தங்கை ஒருமுறை வந்தபோது கேட்டாள்: "அண்ணன் பாதியாப் போயிட்டாகளே மதினி, நீங்க கவனிக்கலையா?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எப்பவும்போலத்தானே இருக்காக, கண்ணு வைக்காத" என்று விரட்டினேன். ஆறு மாதம் கழித்து இரைப்பையில் புற்று என்றார்கள். தாமதம் என்றார்கள். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அவர் எப்பவும்போலத்தான் தெரிந்தார். வெள்ளை பனியன், நிறைந்த தோள், கொஞ்சம் தொந்தி. அந்த நாற்காலியில் நான் பார்த்தது அவரைத்தானா, என் மூளை அங்கே போட்டு நிரப்பி வைத்த ஒருவரையா என்று இப்போது எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியும்மா, நீங்க வேணும்னு செய்யலன்னு," என்றாள். அது ஆறுதலாக இல்லை. ஆனால் அதைவிடச் சொல்ல அவளிடம் வேறு எதுவும் இல்லை.

வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன். கிணற்றடியில் வெயில் இருந்தது. அவளைக் கூப்பிட்டு என் முன்னால் கல்லில் உட்கார வைத்தேன். இங்குட்டு, இன்னும் கொஞ்சம் இங்குட்டு என்று அவள் தாடையைப் பிடித்து நகர்த்தினேன். வலது கண்ணில் மிஞ்சியிருக்கும் வட்டத்துக்குள் அவள் முகம் ஒரே சமயத்தில் கொள்ளவில்லை. முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு வாய் என்று பார்க்க வேண்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. வாயோரம் இரண்டு கோடுகள். நான் தினமும் பார்க்கிற பெண்ணுக்கு அவை கிடையாது. வகிட்டுக்கு வந்தேன்.

"என்னடி இது, தலை பூரா நரைச்சிருக்கு! எப்ப?"

அவள் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு வருசமாச்சும்மா," என்றாள்.