முதலாளி கட்டத்தில் நைனா

பத்தாவதில் ஃபெயிலானதும் திருப்பதியில் வெப்சைட் செய்து தரும் ஒரு கடையில் சேர்ந்தேன். என்கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். லாட்ஜ், டிராவல்ஸ், கல்யாண மண்டபம் என்று எல்லோருக்கும் அப்போது வெப்சைட் வேண்டும். போட்டோ கேட்டால் மட்டும் தரமாட்டார்கள். அதனால் எங்கள் கடையில் ஒரு பழக்கம். படம் வரும்வரை காலிக் கட்டத்தில் எங்கள் வீட்டு ஆட்களின் படத்தைப் போட்டுவைப்போம்.

சித்தூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் இப்படித்தான் இழுத்தடித்தார். முதலாளி கட்டத்தில் எங்கள் நைனா படத்தைப் போட்டே சைட்டைத் திறந்துவிட்டோம். நைனா நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். என்னைப் பார்க்க வந்தபோது காட்டினேன்.

"இத்தினி பஸ்ஸும் என்னுதா? அப்ப நான் எதுக்கு டிக்கெட் எடுத்துகினு வந்தேன்?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் தறிப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினால், டிராவல்ஸ்காரர் தன் படத்தை அனுப்பியிருந்தார். இத்தனை நாள் அனுப்பாதவர். நைனா அங்கே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றிருந்தது எனக்கு. யாரிடம் சொல்வது? பழைய படத்தின் பெயரிலேயே புதுப் படத்தை ஏற்றினேன்.

உடனே போன் வந்தது.

"ஏம்மா, இன்னும் அந்தப் பெருசுதான் குந்திகினு கீறாரு. நாளிக்கு மெட்ராஸ் பார்ட்டி வர்றாங்கோ. எத்தினி தபா சொல்றது?"

பிரவுசர் ஒருமுறை பார்த்த படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறு படம் வந்தாலும் தன்னிடம் இருப்பதையே காட்டும். பெயரை மாற்றி ஏற்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதை அப்போது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"கண்ட்ரோலையும் எஃப் ஃபைவையும் சேத்து அமுக்குங்க சார். போய்ட்டாரா?"

"எங்க போனாரு? சிரிச்சிகினு கீறாரு."

"இன்னொரு தபா அமுக்குங்க சார். இப்ப போய்ட்டாரா?"

என் வாயாலேயே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

எங்கள் கடையை நடத்தும் அண்ணன், "நீயே நேர்ல போய் எடுத்துட்டு வந்துடு. இந்தப் பார்ட்டி போனா நம்ம கத அவ்ளோதான்" என்றார்.

சித்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே திரையில் நைனா. கீழே டிராவல்ஸ்காரரின் பெயர்.

"யார்மா இது? உங்க ஆபீஸ் வாட்ச்மேனா?"

"எங்க நைனா சார்."

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒருநாள் இட்டுகினு வா. என் சீட்ல குந்த வெச்சி டீ வாங்கித் தரேன்."

"செத்துட்டாரு சார்."

அவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "சரிம்மா, சரிம்மா" என்று வெளியே போய் டிரைவரை எதற்கோ திட்டினார்.

அவர்மேல் கோபம், அந்தக் கம்ப்யூட்டர்மேல் கோபம், இப்படிப் பாதியில் போன நைனாமேலும் கோபம். அவர் ஒவ்வொன்றாக அமுக்கியிருப்பார், நான் இரண்டையும் சேர்த்து அமுக்கினேன். நைனா போய், தங்கச் செயின் போட்ட டிராவல்ஸ்காரர் வந்தார்.

கிளம்பும்போது உள்ளறையிலிருந்து டிக்கெட் போடும் அக்கா கூப்பிட்டார்.

"பாப்பா, என்னுதுலயும் கீறாரு."

இதிலும் நான்தான் அழிக்கவேண்டும். குனிந்தேன். அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இத எந்த கஸ்டமர் பாக்கப் போறான்? நான் ஒருத்திதான. கெடக்கட்டும் உடு."

"சார் திட்டுவாருக்கா."

"அவரு இந்தப் பக்கம் வந்தாத்தான? காத்தால இன்னா துன்ன நீ?"

"ஒண்ணுமில்லக்கா. அந்தப் படம் ரொம்ப நாள் இருக்காது. கொஞ்ச நாள்ல அதுவே போய்டும்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கடை அண்ணனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.