மூன்று பலகை சறோ ரீச்சர்

சறோ ரீச்சர் இறந்துவிட்டார். நேற்றுக் காலை. மூன்று மாத வருத்தம்... கடைசி நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததே எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

புளியங்கூடலில் எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குப் படிப்பித்தவர். சுருவிலில் அவருடைய செத்தவீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ரீச்சருக்கு ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். மூன்றாம் வகுப்பு ஒரு சுவரைப் பார்த்து, நாலாம் வகுப்பு எதிர்ச் சுவரைப் பார்த்து... முதுகுக்கு முதுகு. நடுவில் ரீச்சர்.

ஒருநாள் மகள் வீட்டில் பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அது நாலாம் வகுப்புக் கணக்கல்லவா என்று கேட்டேன்.

"திரும்பிப் பாக்கக் கூடாது எண்டுதான் ரீச்சர் சொன்னவ. கேக்கக் கூடாது எண்டு சொல்லேல்லையே அம்மா."

ரீச்சரிடம் இதைச் சொன்னேன். "ஓம், தெரியும். நாலாம் வகுப்பைக் கேட்டா மூண்டாம் வகுப்பிலயிருந்துதான் விடை வருது. நாலாம் வகுப்புக்கு வெக்கம்," என்றார்.

அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஓய்வு பெற்றார். பதிலாக ஆள் வரவில்லை. புது நியமனத்துக்குக் காசில்லையாம். அந்த வகுப்பும் ரீச்சரின் அறைக்கே வந்தது. மூன்றாவது கரும்பலகையை ஜன்னலோரம் இரண்டு கதிரைகளின் மேல் சாத்தி வைத்தார்.

வேளைக்கே போய் மூன்று பலகையிலும் எழுதி வைத்தால்தான் பெல் அடித்ததும் தொடங்கலாம். அதனால் ஆறேகாலுக்கெல்லாம் அவருடைய சைக்கிள் எங்கள் சந்தியைத் தாண்டிவிடும்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மகளுக்கு அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை. மூன்று வகுப்புக்கு ஒரு குரல்...

யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்தோம். கடைசித் தவணை முடியும் முன்பே விடுகைப் பத்திரம் வாங்கப் போனேன். அதிபரின் அறையில் ரீச்சரும் இருந்தார். ஏன் என்று அவர் கேட்கவேயில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"மாமிக்கு ஏலாது ரீச்சர். ரவுணில நிண்டு வைத்தியம் பாக்கவேணும்."

மாமி என்றால் என் கணவரின் அம்மா. அன்று காலையும் ஒரு வருத்தமுமில்லாமல் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர்.

ரீச்சர் மகளின் கொப்பிகளை அடுக்கித் தந்தார். இன்னும் படிப்பிக்காத பாடங்களை ஒரு ஒற்றைத் தாளில் எழுதி மேலே வைத்திருந்தார்.

நாங்கள் எங்கும் போகவில்லை. மகள் மட்டும் பள்ளிக்கூட வானில் போய் வந்தாள். முதல் நாளே, மகளை ஏற்றிவிட நான் நின்ற சந்தியில், ரீச்சர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"மாமிக்கு இப்ப எப்பிடி?"

"பரவாயில்லை ரீச்சர்..."

இரண்டு கிழமை இப்படியே போனது. பிறகு கோயிலில் மாமியையே நேரில் கண்டிருக்கிறார். மாமி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார், "என்னை எப்ப பிள்ளை படுக்கையில போட்டனீ? அந்த ரீச்சர் என்னை மேலும் கீழும் பாக்கிறா."

அதற்குப் பிறகு ரீச்சர் மாமியை விசாரித்ததில்லை. மகளை மட்டும்தான்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். அங்கும் ஆள் பற்றாக்குறை, இரண்டு வகுப்பை ஒன்றாக்கியிருந்தார்கள். முதல் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை, "நீங்கள் எந்தப் பிள்ளையின்ரை அம்மா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்... பாவம், அவர்தான் என்ன செய்வார்.

இங்கே அந்த வருடம் எங்களோடு சேர்த்து நாலு பிள்ளைகள் போய்விட்டார்கள். பிள்ளைகள் குறைவென்று, சின்ன வகுப்புகளுக்கு இருந்த இளம் ரீச்சரையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நான் வேலை செய்யும் கந்தோரில் யாரோ பேசிக்கொண்டபோதுதான் எனக்கு அது தெரிந்தது. சறோ ரீச்சர் ஒவ்வொரு நாளும் சந்தியில் என்னைக் கண்டவர். அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

கடைசியாகப் பேசியது போன வருடம், ஊர்காவற்றுறை பஸ்ஸில். அவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று...

"ரீச்சர், அண்டைக்கு நான் மாமிக்கு ஏலாதெண்டு சொன்னது..."

"விடும். உமக்குப் பிறகு மூண்டு பேர் வந்து பத்திரம் எடுத்தவை. மூண்டு பேரின்ரை மாமிக்கும் ஏலாதாம்." சிரித்தார். "இந்த ஊர் மாமிமாருக்கு நான்தான் வருத்தம் குடுக்கிறன் போல."

நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு கதை வேறெங்கோ போய்விட்டது. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவர் இறங்கும்போது, "பிள்ளை கணக்கில எப்பிடி?" என்று கேட்டார். நல்லாச் செய்கிறாள் என்றேன். அது உண்மை.

இன்று செத்தவீட்டில் இப்போதைய பிள்ளைகளும் வந்து பூப்போட்டார்கள். மூன்று வகுப்பும் ஒரே வரிசையில். பதினொரு பேர்.

வெளியே பந்தலில் ஒரு தாய் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். அவருடைய மகன் ரீச்சரிடம் நாலாம் வகுப்பில் படிக்கிறவன். அழுதழுது அவருக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

 பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அக்கா, ரீச்சரின்ரை இடத்துக்கு இப்போதைக்கு ஆள் வராதாம். உங்கட மகள் போற வானில ஒரு இடம் இருக்குமோ?"

உள்ளே கிரியை நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பாரும் என்று சொல்லலாம்தான்... நானே பொறுக்காமல் போனவள்.

போனை எடுத்து வான்காரரின் நம்பரைக் கொடுத்தேன்.

ரீச்சர், அன்று நான் சொன்னது பொய். மன்னியுங்கோ.

இனி அவசரமில்லை, ஆறுதலாகப் போங்கோ.