சம்பந்தி ருசி பார்த்த கஞ்சி

மூன்று வருடங்களுக்கு முன்பு, அறுவடை முடிந்து வீட்டுச் செலவுக்கு நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நடந்தது இது. எங்களுக்கு மலையாள எல்லையோரம், சித்தூர் தாலூகாவில் பெருமாட்டி கிராமம். அன்று என் மருமகள், "மில்லுக்கே கொடுத்துரலாமுங்க அத்தை" என்றாள். வீட்டில் அவித்த ருசி வராது என்று நான் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அண்டா சரிந்து, கொதிநீரும் நெல்லுமாக அவள் வலது கை முழுக்கக் கொட்டிவிட்டது. வெந்த நெல் தோலோடு ஒட்டிக்கொண்டதால் காயம் ஆழமாகிவிட்டது.

மாமியார் வீட்டில் மருமகள் வெந்துபோனால் ஊர் என்ன நினைக்கும்? ஆட்டோக்காரரே கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டார். பிறகு போலீஸ்காரரும் வந்து கேட்டார். வேலையிலிருந்து ஓடி வந்த என் மகன்கூட, "ஏம்மா, என்னதான் நடந்துச்சு?" என்று என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான்.

சித்தூரிலிருந்து வந்த சம்பந்தியம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. நான் கொண்டுபோகும் கஞ்சியை முதலில் தான் ஒரு வாய் குடிப்பார். தனக்கு ஏதாவது ஆகிறதா என்று சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு ஊட்டுவார், அதுவும் என் கண் முன்னாலேயே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர்கள் இருவரும் மெதுவாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

காயம் தானாக மூடாது, தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவிக் கையில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அவர்மேலும் சந்தேகம். இருக்கிற புண் போதாதென்று நல்ல காலிலும் ஒரு புண்ணா? அது சீக்கிரம் ஆறிவிடும், தோல் வைக்காமல் விட்டால்தான் முழங்கை மடங்கியபடியே இறுகிப்போகும் என்று விளக்கினார். ஆபரேஷன் முடிந்ததும், கையைவிடத் தொடைதான் எரிகிறது என்று அவள் அழுதாள். அதையும் நானே செய்துவிட்டதுபோல் சம்பந்தி என்னைப் பார்த்தார்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. வைத்த தோல் பிடித்திருந்தால் கை தப்பிக்கும். இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள். சம்பந்தி எழுந்துவிட்டார். மருமகள் நர்ஸிடம், "அம்மா பார்த்தா மயங்கி உழுந்துருமுங்க. அத்தை வரட்டுங்க" என்றாள்.

அந்த அறையில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டை நனைத்து நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். உள்ளே வலை வலையாக, இளஞ்சிவப்பில் தோல் தெரிந்தது. "பிடிச்சிட்டுண்டு" என்றார் டாக்டர் மலையாளத்தில். தோல் பிடித்துவிட்டதாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மில்லுக்கே கொடுத்திருக்கலாமுங்க அத்தை" என்றாள்.

வெளியே வந்து சம்பந்தியிடம் விஷயத்தைச் சொல்லி, கஞ்சி இருந்த தூக்குப்போசியை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அன்றைக்கும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு ஊட்டினார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. என் மகளையும் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் அவள் படுத்திருந்தால், நானும் ருசி பார்த்துவிட்டுத்தான் ஊட்டியிருப்பேன்.