கரண்ட் அடுப்புக்கு அம்மா வைத்த பொட்டு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்கள் எல்லாரும் அம்மா கையால் ஒரு வேளையாவது சாப்பிட்டவர்கள்தாம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு அடுப்புதான் நினைவுக்கு வந்தது. கூடவே அந்தப் பயமும் வந்தது.

அம்மா பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். வாழ்க்கைப்பட்டது ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஊராருக்கு நெல் அவித்துக் கொடுத்து, என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். ஆண்டுக்கணக்காக உமிப் புகை குடித்த நெஞ்சு கடைசியில் மூச்சுக்குத் தவித்தது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். அது ஓடும் வீட்டில் நெருப்பு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, பின்கட்டுச் சமையலறையில் சூடேறும் கம்பிச் சுருள், அதாவது காயில், இரண்டு உள்ள கரண்ட் அடுப்பை வைத்தோம்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரண்ட் என்றால் கேட்கவே வேண்டாம். மெஷின் ஓடும் சத்தம் லேசாக மாறினாலே அம்மாவின் அறைக்கு ஓடுவேன்.

கொஞ்ச நாளில் அடுப்பு ஏறுமாறாக எரிய ஆரம்பித்தது. இடது காயில் செக்கச்செவேலென்று பழுக்கும்; வலது காயில் மங்கிக் கிடக்கும். அதில் தோசை வார்த்தால் ஒரு ஓரம் கருகும், மறு ஓரம் மாவாகவே இருக்கும். சிடுசிடுவென்று ஒரு சத்தம் வேறு.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றேன்.

"அடுப்புன்னா சத்தம் போடத்தான் செய்யும். பேயக் கண்ட மாதிரி ஏன்டி நிக்கிற?" என்று சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உலை வைத்து சுவிட்சைப் போட்டேன். 'பட்'டென்று வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. அடுத்த கணமே அம்மாவின் அறையில் மெஷினின் அலாரம் அலறியது. ஐயோ, அந்த அலறல்! ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை எந்தப் பக்கம் திருகுவது என்பதே எனக்கு மறந்துபோனது. அம்மாதான் விரலைச் சுற்றிக் காட்டினார். திருகினேன், காற்று வந்தது.

தஞ்சாவூரிலிருந்து தம்பி ஓடி வந்தான். முதலில் அடுப்பின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு விழுந்து கிடந்த மெயின் சுவிட்சைத் தூக்கினான், மெஷின் ஓடியது. பிறகு இரண்டு காயில்களையும் கழற்றி, துடைத்து, இடம் மாற்றிச் சொருகிப் பார்த்தான்.

"மாத்திப் போட்டும் இந்தப் பக்கந்தான் மங்குது. காயில்ல கோளாறு இல்லக்கா, சொருகுற எடத்துலதான்" என்றான். உள்ளே பார்த்தால் பித்தளை பச்சை பூத்திருந்தது. சுற்றிலும் ஏதோ அப்பிக் காய்ந்து, காயில் சரியாகப் படியவிடாமல் தூக்கி நின்றது. அதைச் சுரண்டி முகர்ந்தான். "என்னக்கா இது, மஞ்சளா?"

கேட்டபோதுதான் தெரிந்தது. உலை வைக்கிற பக்கம் என்பதால், வியாழன்தோறும் நான் தூங்கிய பிறகு மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறார் அம்மா!

"கழுவாத அடுப்புல வெள்ளிக்கெழம எப்படிடி சோறாக்குறது?" என்று என்னையே கேட்டார்.

"அந்தத் தண்ணிதாம்மா உங்க மெஷின நிறுத்துனது" என்றான் தம்பி.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "அப்ப இவ கை வச்சிருந்தா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். தன் மூச்சு நின்றுபோக இருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

தம்பி அந்தச் சொருகும் பகுதியைப் புதிதாகப் போட்டு, திருகுகளை இறுக்கி, காயில் மட்டமாகப் படிய வைத்தான். மெஷினுக்குத் தனி லைனும் இழுத்தான். அடுப்பு இரண்டு பக்கமும் ஒரே சீராக எரிந்தது. ஆனால் என் பயம் அம்மாவையும் தொற்றிக்கொண்டது. வாசற்படிக்கு உள்ளே செருப்பை விடாதவர், நான் அடுப்படிக்குப் போகும்போதெல்லாம், "ரப்பர் செருப்பு போட்டியாடி?" என்று கட்டிலிலிருந்தே மூச்சிரைக்கக் கேட்பார். கடைசி நாள் காலையிலும் கேட்டார்.

கரண்ட் நின்ற போதெல்லாம் தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்த டாக்டருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

போன வாரம் மழையில் கரண்ட் போனது. பதறியடித்துக்கொண்டு அம்மாவின் அறைக்கு ஓடினேன். கட்டில் காலியாக இருந்தது. இனிக் கரண்ட் எத்தனை முறை போனாலும் நான் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பயம் இருந்தவரைக்கும் எனக்கு அம்மா இருந்தார்.